மூன்று கிலோ பாப்பா

"ஏப்பா, அது கொழந்தையா, சிமிட்டி மூட்டையா? கழுத்தப் புடி! தல தொங்குது பாரு!"

சிறைக்குள் நான் நடத்திய முதல் வகுப்பில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவைதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எதிரில் வெள்ளை அரைக்கால் சட்டை போட்ட பதினோரு தண்டனைக் கைதிகள். ஒருவனுக்கும் இருபத்தைந்து வயது தாண்டியிருக்காது. எல்லோருக்கும் வெளியே ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் போத்தனூர் பக்கம் ஒரு பிரசவ விடுதியில் நர்ஸாக இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் சத்தத்துக்குப் பயந்துதான் குழந்தைகள் சீக்கிரம் வெளியே வருகின்றன என்று ஆயாக்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் பிறந்த குழந்தையை வாங்கத் தெரியாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஒரு அப்பனை, "பெத்துக்கத் தெரிஞ்சுதல்ல, புடிக்கத் தெரியாதா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய தகப்பனார் கோபப்படவில்லை. கோவைச் சிறையில் கைதிகளின் நலனைக் கவனிக்கும் அதிகாரி அவர். மறுநாள் மறுபடி வந்தார்.

"ஏனுங்க நர்ஸம்மா, எங்ககிட்டயும் இந்த மாதிரிப் பசங்க கொஞ்சப் பேரு இருக்கறானுங்க. வந்து இதே மாதிரி திட்டிக் குடுக்கறீங்களா?"

தொண்ணூறுகளின் நடுவில் அது. சிறையில் எழுத்து சொல்லித்தருவார்கள், தறி சொல்லித்தருவார்கள். அப்பனாக இருக்கச் சொல்லித்தருவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கத்து வீட்டம்மா தெருவே கேட்கும்படி, "நர்ஸம்மா ஜெயிலுக்குப் போயிட்டு வாராங்களாமா?" என்று விசாரித்தார். அவர் கேட்ட கேள்விக்காகவே போவது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்படித்தான், வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும், கால் தானாக நடக்கும்.

சனிக்கிழமை மதியம் உக்கடத்தில் பஸ் மாறிப் போவேன். சிறைக்குள் நிஜக் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. அதனால் பழைய கம்பளியில் ஒரு பொம்மை தைத்தோம். உள்ளே மணலும் தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சும். சமையல் கட்டின் தராசில் வைத்து, சரியாக மூன்று கிலோ வரும்வரை மணலைப் போட்டும் எடுத்தும் பார்த்தோம். கழுத்தில் மட்டும் மணல் போடாமல் விட்டேன். பிடிக்காவிட்டால் தலை பின்னால் மடிந்து விழும். பையன்கள் அதற்கு 'பாப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது எப்படி என்று காட்டினேன். சுண்டு விரலை நனைத்துச் சூடு பார்ப்பது, காதில் தண்ணீர் போகாமல் கையை அணையாக வைப்பது, பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் கெக்கலி கொட்டினார்கள். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தவன் கையில் மர ஸ்கேலால் ஒன்று போட்டேன். சிரிப்பு நின்றது. மூன்றாவது வாரத்தில் பாப்பாவுக்குக் குளிர்கிறது என்று ஒருவன் தன் துண்டைப் போர்த்திவிட்டதைப் பார்த்தேன். திட்டத் தோன்றவில்லை.

அந்தப் பதினோரு பேரில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். பெருந்துறைக்குப் பக்கத்துத் தோட்டங்காட்டிலிருந்து வந்தவன், இருபத்துமூன்று வயது. வரப்புத் தகராறில் பெரியப்பா மகனை மண்வெட்டியால் அடித்து, அந்த ஆளுக்கு ஒரு கை விளங்காமல் போய்விட்டது. "கோவத்துல அடிச்சுப்போட்டனுங்க" என்று தலையைக் குனிந்தபடி சொன்னான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளங்காமல் போன கைக்காரனுக்கும் குழந்தைகள் இருந்தன.

ஆனால் பாப்பாவை அவன் வாங்கும் விதம் இருக்கிறதே! இடது உள்ளங்கை பிடரிக்கு அடியில், வலது கை இடுப்புக்கு அடியில், பூப்போல எடுப்பான். அவன் உள்ளே வந்தபோது மனைவிக்கு நான்கு மாதம். பெண் குழந்தை பிறந்தது. ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது மனுப் பார்க்க, அதாவது அவனைச் சிறையில் வந்து பார்க்க, எடுத்துவந்தாளாம். இரண்டு கம்பி வலைகளுக்கு அந்தப் பக்கம், ஒரே கூச்சல், ஒரே கூட்டம். துணிப் பொட்டலமும் அதிலிருந்து நீண்ட ஒரு கையும் மட்டும் தெரிந்ததாம். அந்த நெரிசலில் குழந்தை வீறிட்டு அழுது காய்ச்சலில் விழுந்தது. அதற்குப் பிறகு மனைவி தனியாகத்தான் வந்துபோனாள்.

வகுப்பு ஓர் ஆண்டைத் தொடும் சமயம், நல அதிகாரி நடையாய் நடந்து மேலே அனுமதி வாங்கிவிட்டார். வகுப்பில் இருப்பவர்கள் மட்டும், வலை இல்லாமல், உள்வாசலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் தங்கள் குழந்தையைப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒருவர். முதல் வாய்ப்பு யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் முதல் மாணவனுக்குத்தான். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புகிறவள் மாதிரி அன்று நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மனைவி வந்தாள். ஒல்லியான, அழுத்தமான பெண். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கவுன் போட்டு, தன் காலால் தடதடவென்று நடந்து வந்தது குழந்தை. இரண்டே முக்கால் வயது.

அவன் எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நேரே போய்க் குனிந்தான். இடது உள்ளங்கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்தான். வலது கையை இடுப்புக்கு அடியில் கொடுத்தான். நின்றுகொண்டிருந்த குழந்தையை மல்லாக்கச் சாய்த்துத் தூக்கினான்.

பாவம், வேறெப்படித் தூக்குவான்? நான் அதைத்தானே ஓர் ஆண்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்!

குழந்தை போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன. காலை உதைத்து, திமிறி, அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தது. அவனுக்கு விடவும் தெரியவில்லை. கழுத்தை விட்டால் மடிந்துவிடும் என்று மேலும் இறுக்கிப் பிடித்தான். நான்தான் ஓடிப் பிடுங்கித் தாயிடம் கொடுத்தேன். மீதி நேரம் முழுக்கக் குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அந்த மாமா வேண்டாம், ஊட்டுக்குப் போலாம்" என்று விம்மியது.

மாமா. அதைக் கேட்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னாள். "இன்னொருக்காக் கூட்டியாறனுங்க. அப்பவும் இப்புடித்தான்னா, நீங்க வெளிய வர்ற வரைக்கும் புள்ளயக் கூட்டியாற மாட்டேன். ஒவ்வொரு தடவயும் இது காச்சல்ல கெடக்கறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க." அவனுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தண்டனை பாக்கி இருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிடரியைத் தாங்கினானே என்று. உக்கடம் வருவதற்குள் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவனைக் குற்றம் சொல்லி என்ன? கோணல் என்னிடம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறந்த குழந்தை. குளிப்பாட்டித் துண்டில் சுற்றித் தாயிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அது வளரும் என்பதையே நான் மறந்திருக்கிறேன்!

அடுத்த சனிக்கிழமை போனதும் பாப்பாவை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவனாகக் கேட்டேன். "உங் கொழந்தைக்கு என்ன வயசு?"

"ஆறு மாசங்க."

"எப்ப ஆறு மாசம்?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "நா உள்ள வரப்பங்க."

அடுத்தவன் ஒரு வயது என்றான். உள்ளே வந்து எத்தனை வருஷம் என்று கேட்டால் மூன்று. இன்னொருவன், பல் முளைக்கவில்லை என்றான். கணக்குப் போட்டால் அது அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் போகும். போன வாரம் பிள்ளையை நேரில் பார்த்தவனைத் தவிர, மீதிப் பத்துப் பேரில் ஒருவன்கூட இன்றைய வயதைச் சொல்லவில்லை. அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்த நாளிலேயே குழந்தைகளும் நின்றுவிட்டன. நானும் அதைக் கேட்காமல் ஒரு மணல் பொம்மையைக் கொடுத்து ஓர் ஆண்டு தாலாட்டச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் உண்மையான வயதுகளை எழுதினேன். மூன்று. நான்கு. மூன்றரை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவன், "அப்ப எம் பையன் பேசுவானுங்களா?" என்று கேட்டான். பேசுவான் என்றேன்.

சரி, மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் தெருமுனைப் பால்வாடியில் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நேராகப் போய்க் கையை நீட்டினால் எந்தப் பிள்ளையும் வருவதில்லை. சும்மா உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் மோப்பம் பிடித்த பூனைக்குட்டி மாதிரி பக்கத்தில் வந்து நிற்கிறது. இதைக் குறித்துக்கொண்டேன். ஆனாலும் ஓர் அந்நிய ஆளிடம், அதுவும் ஒருமுறை பார்த்துப் பயந்துபோன ஆளிடம், பிள்ளையை எப்படி உட்காரவைப்பது?

விடை என் வீட்டிலேயே இருந்தது. பத்தாவது படித்த என் மகள் அப்போது என்னோடு சண்டை. பேச்சு வார்த்தையே கிடையாது. என் கோபம் அவளுக்கும் வந்திருக்கிறது, வேறென்ன. ஆனால் காலையில் சடை பின்ன மட்டும் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதும் தானாக வந்துவிடும். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா! அன்று காலை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன். "கெடச்சுப்போச்சு!" மகள் பயந்து திரும்பினாள், பாதிச் சடை அவிழ்ந்தது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை தறிக்கூடத்திலிருந்து பதினோரு நூல் சிட்டம் கேட்டு வாங்கினேன். தறிக்குப் போகும் முன் நூலை வளையமாகச் சுற்றிக் கத்தையாகப் போட்டிருப்பார்களே, அதுதான் சிட்டம். ஒரு பெண் பிள்ளையின் முடி அளவுக்கு இருக்கும். ஜன்னல் கம்பியில் மாட்டி, மூன்றாகப் பிரித்துப் பின்னச் சொன்னேன். ஆண் பிள்ளைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "எம் பையனுக்கு எதுக்குங்க சடை?" "அடுத்தது பொண்ணு பொறந்தா?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெருந்துறைக்காரன் தறியில் நெய்கிறவன். நூல் அவன் சொன்னபடி கேட்டது. ஆனாலும் முதலில் அவன் பின்னியது மாட்டுக் கயிறாக வந்தது. "ஏஞ்சாமி, பொண்ணு தலயா, வண்டிமாட்டு மூக்கா? வலிக்குமப்பா, இளக்கிப் பின்னு!" என்று கத்தினேன். அவன் அவிழ்த்தான், பின்னினான், மறுபடி அவிழ்த்தான். மணிக்கட்டில் பல் தடம் மறைந்துவிட்டதைப் பார்த்தேன். அவன் கண் மட்டும் அடிக்கடி அந்த இடத்துக்குப் போய்வந்தது. மிஞ்சிய நூலில் ஒரு முழத்துக்கு நாடாவும் நெய்துகொண்டான். வெள்ளை நாடா, ஓரத்தில் நீலக் கோடு. சிறையில் இருந்தது அந்த இரண்டு நிறம்தான். நல அதிகாரி அதை வெளியே கொடுத்தனுப்ப ஒரு சீட்டும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

திட்டம் இதுதான். பெருந்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை, காற்றில் தலை கலைந்துதான் வரும். தாய் வாரிவிடச் சீப்பை எடுப்பாள். நான் அதை வாங்கி அவனிடம் கொடுப்பேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவனுடைய இரண்டாவது முறையும் வந்தது. குழந்தையின் தலையைத்தான் முதலில் பார்த்தேன். எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு, மடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு முடி பிசகாமல் கூட்டிவந்திருந்தாள் மகராசி! ஜெயிலுக்குப் போனாலும் என் பிள்ளை சீராகப் போகும் என்ற வீம்பு அவளுக்கு. நியாயமான வீம்புதான். ஆனால் என் திட்டம் அதோடு மண்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

குழந்தை அவனைக் கண்டதும் தாயின் புடவைக்குப் பின்னால் போய்விட்டது. அவன் கிட்டே போகவில்லை. கூப்பிடவில்லை. மரத்தடியில், எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக் கீழே உட்கார்ந்தான். பையிலிருந்து அந்தப் பழகிய சிட்டத்தை எடுத்துக் கால் கட்டைவிரலில் மாட்டினான். மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தான். நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது. அவனாகச் செய்தான்.

பின்னி முடித்தான். அவிழ்த்தான். மறுபடி பின்னினான். ஒரு மணி நேரத்தில் பாதி போய்விட்டது. தாய் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் மரத்தைப் பார்க்கிறேன். புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு ஓர் அடி. அப்புறம் இரண்டு அடி. அவனுக்குப் பக்கவாட்டில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

"அது ஆரு முடி?"

அவன் நிமிரவில்லை. "முடி இல்ல சாமி. நூலு."

"எதுக்குப் பின்றீங்க?"

"எம் பொண்ணுக்குப் பின்னி உடோணும். அதுக்குத்தான் படிச்சுக்கறேன்."

"உங்க பொண்ணு எங்க?"

அவன் கை நின்றுவிட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். 'அட பாவி, ஏதாவது சொல்லுடா' என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"இங்கதான் நிக்குது" என்றான் மெதுவாக.

குழந்தை சுற்றிலும் பார்த்தது. மரத்தடியில் தன்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை. தாயைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு பக்கத்துச் சிவப்பு ரிப்பனைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. சடை அவிழ்ந்து தொங்கியது.

"அய்யோ, விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பின்னுனனுங்க" என்று தாய் ஓர் அடி எடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, கிள்ளியே விட்டேன்.

குழந்தை அவனுக்கு முதுகைக் காட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "வலிக்காம" என்று ஒரு கட்டளை.

மண்வெட்டியைத் தூக்கிய கை அது. முடியை விரலாலேயே கோதி, மூன்றாகப் பிரித்து, இளக்கமாக, அத்தனை இளக்கமாகப் பின்னினான். குழந்தை பேச ஆரம்பித்தது. ஆடு குட்டி போட்டது, குட்டிக்கு நெற்றியில் வெள்ளை, அம்மாயி ஊரில் பாம்பு வந்தது, தனக்கு ஊசி போட்டபோது தான் அழவே இல்லை. அவன் "உம்" கொட்டிக்கொண்டே பின்னினான். கண்ணீர் அதுபாட்டுக்கு முகவாயில் சொட்டியது. குழந்தைக்கு அது தெரியாது, அதற்குத்தானே முதுகு. கடைசியில் வெள்ளை நாடாவைக் கட்டி முடிச்சுப் போட்டான். ஒரு பக்கம் அம்மாவின் சடை மடிப்புக் கலையாமல் இருந்தது. மறுபக்கம் அப்பனுடையது கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. எனக்கு ஊரைக் கூட்டி மேளம் அடிக்க வேண்டும் போல இருந்தது!

நேரம் முடிந்தது. வெளிவாசலில் சோதனை. அங்கே நின்ற காவலர் பெரிய மீசைக்காரர், சட்டம் என்றால் சட்டம். "உள்ள இருக்கற சாமான் வெளிய போகக் கூடாதுங்க. இது தறிக்கூடத்து நூல் ஆச்சே" என்று நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். நல அதிகாரியின் சீட்டு என் கைப்பையில் எங்கோ இருந்தது. எனக்கு உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் குழந்தை இரண்டு கையாலும் சடையைப் பொத்திக்கொண்டு பின்னால் போனது.

"தொடாதீங்க! எங்கப்பா பின்னுனது!"

வாசலே திரும்பிப் பார்த்தது. காவலர் நிமிர்ந்து, மீசையைத் தடவி, "சரிங்க அம்மணி, நான் தொடல" என்று வழிவிட்டார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அவனுக்கு அது கேட்டிருக்கிறது. அவன் அழுதானா சிரித்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னையும் சேர்த்து அங்கே ஒருவர் முகமும் சரியாக இல்லை.

ரோட்டுக்கு வந்ததும் அவன் மனைவி நின்றாள். சிவப்பு ரிப்பனை உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்தாள். பிள்ளை தலையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ எப்பங்க நர்ஸம்மா?"

"அடுத்த மாசம் கேட்டு வாங்கிப்போடலாம் கண்ணு. கூட்டிட்டு வருவயா?"

"வாரனுங்க" என்றாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பினாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "தல சீவாமக் கூட்டியாறனுங்க."